கீறல் விழுந்த ரிக்கார்டும் கொஞ்சம் நாஸ்டால்ஜியாவும்

ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்பவரை 'கீறல் விழுந்த ரிக்கார்டு' என்று கிண்டல் செய்யாத வீடு தமிழ்நாட்டில் இருக்காது. அப்படிக் கிண்டல் செய்கிற பலர் ஒரு ரிக்கார்டைக் கையால் தொட்டதே கிடையாது என்பதுதான் வேடிக்கை. திருவிழா நோட்டீசில் 'ரிக்கார்டு டான்ஸ்' என்று போடுகிறார்கள். பாட்டு ஓடுவது பென் டிரைவில், பெயர் மட்டும் ரிக்கார்டு. பொருள் போன பிறகும் சொல் மட்டும் தங்கிவிட்டது.

போன பொருளும் இப்போது திரும்பி வருகிறது. பழைய இசைத்தட்டுகளைத் தேடி வாங்குவது பெரிய நகரங்களில் ஒரு மோகமாகியிருக்கிறது. அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு இசைத்தட்டு விற்பனையின் மதிப்பு சிடி விற்பனையைத் தாண்டியது. 1986க்குப் பிறகு இப்படி நடந்தது அதுவே முதல் முறை. சென்னையிலும் இளையராஜாவின் எண்பதுகளின் எல்.பி. தட்டுகள், குறிப்பாக 'எக்கோ' கம்பெனி வெளியிட்டவை, நல்ல நிலையில் இருந்தால் விலை எகிறுகிறது. ஒரு காலத்தில் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்ட சரக்கு இது!

இதில் தப்பு ஒன்றுமில்லை. பிடித்ததைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் இந்த மோகத்தோடு கூடவே ஒரு பேச்சும் வருகிறது. 'அந்தக் காலம் மாதிரி வருமா?' என்ற பேச்சு. அதைத்தான் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. ரிக்கார்டுக்கு மட்டுமா இரண்டு பக்கம்?

விலை எப்படி ஏறுகிறது?

பி.காம். முதல் வருடப் பாடத்திலேயே 'தேய்மானம்' வந்துவிடும். இயந்திரம், வண்டி, மேஜை நாற்காலி என எந்தச் சொத்தை வாங்கினாலும் வருடா வருடம் மதிப்பு குறைந்துகொண்டே போகும். பழைய இசைத்தட்டு இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. ஊசி ஓட ஓடத் தட்டு தேய்கிறது, அதே சமயம் விலை ஏறுகிறது.

காரணம் ஒன்றும் மர்மமல்ல. அளிப்பு கூட வழியில்லை. 1957இல் அச்சடித்த தட்டை இப்போது அச்சடிக்க முடியாது. மறுபதிப்பு போடலாம், ஆனால் அது மறுபதிப்புதான். தேவை கொஞ்சம் கூடினாலே விலை தாறுமாறாகப் போகும். ஜாஸ் சேகரிப்பாளர்கள் உலகத்தில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். ஹாங்க் மோப்லி என்ற சாக்ஸஃபோன் கலைஞரின் 1957ஆம் வருடத் தட்டு ஒன்று உண்டு. புளூ நோட் கம்பெனி, எண் 1568. அதன் முதல் பதிப்பு பல ஆயிரம் டாலருக்குப் போகிறது. அந்த முதல் பதிப்பை அடையாளம் காண்பது எப்படித் தெரியுமா? ஒரு பக்க லேபிளில் கம்பெனி முகவரி 'நியூயார்க் 23' என்று இருக்கும், மறுபக்கத்தில் அந்த '23' இருக்காது. வாசித்த இசை இரண்டிலும் ஒன்றுதான். ஒரு சின்ன எண்ணுக்குத்தான் இந்த விலை.

சேகரிப்பாளர்களுக்கு மதிப்பெண் முறை வேறு இருக்கிறது. 'மின்ட்', 'நியர் மின்ட்', 'வெரி குட் பிளஸ்' என்று தட்டையும் உறையையும் தனித்தனியாகத் தரம் பிரிப்பார்கள். இதில் முதலிடம் யாருக்கு? உறை பிரிக்காத தட்டுக்கு. யாருமே கேட்காத பாட்டுக்குத்தான் அதிக மதிப்பு என்றால், இது இசையைச் சேர்ப்பதா, சரக்கிருப்பைச் சேர்ப்பதா?

ஏக்கம் என்ற வியாதி

'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை உண்டாக்கியவர் கவிஞர் இல்லை. 1688இல் ஜொஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டில் ஒரு நோய்க்கு வைத்த பெயர் அது. ஊரை விட்டு வெகுதூரம் வந்தவர்கள் வீட்டு நினைப்பிலேயே உருகி, சாப்பாடு இறங்காமல், உடம்பு மெலிந்து போவதைத்தான் அவர் அப்படி அழைத்தார். அப்போது அது இடத்தைப் பற்றிய ஏக்கம். ஊருக்குத் திரும்பினால் குணமாகிவிடும். பிறகுதான் அது காலத்தைப் பற்றிய ஏக்கமாக மாறியது. போன காலத்துக்குப் பஸ் கிடையாதே, அதனால் இதற்கு மருந்தும் இல்லை.

இப்போது மூன்றாவதாக ஒரு வகை வந்திருக்கிறது. தான் வாழாத காலத்துக்கே ஏங்குவது. தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் ஐம்பதுகளின் பாட்டைக் கேட்டு 'மலரும் நினைவுகள்' என்கிறார்கள். அவர்களிடம் இல்லாத நினைவு எப்படி மலரும்? வியாபாரிகளுக்கு இது நன்றாகவே தெரியும். எச்.எம்.வி. என்று எல்லோரும் அறிந்த கிராமபோன் கம்பெனி 2000இல் 'சரிகம' என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்தக் கம்பெனி 2017இல் 'கார்வான்' என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. உள்ளே 5,000 பாட்டு பதிந்த சின்ன எலெக்ட்ரானிக் சாதனம், வெளியே பழைய ரேடியோ மாதிரி தோற்றம். தமிழுக்கும் தனிப் பெட்டி வந்தது. அதே பாட்டுகள் போனிலும் கிடைக்கும். ஆனாலும் பெட்டி விற்றது. விற்றது பாட்டு இல்லை, பெட்டியின் முகம்!

இதை ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. தாத்தா பாட்டிகளுக்கு அந்தப் பெட்டி உண்மையான சந்தோஷம். அவர்களுக்கு அந்த நினைவு சொந்தம். வாழாதவர்கள் வாங்கும்போதுதான் கேள்வி வருகிறது. அவர்கள் வாங்குவது யாருடைய நினைவை?

அரக்கில் பதிந்த குரல்

தட்டு என்பது என்ன பொருள் என்று கொஞ்சம் பார்த்தால் பதில் சுவாரசியமான இடத்துக்குப் போகிறது. வினைல் தட்டுக்கு முன்னால் இருந்தது 78 தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் பாட்டு. கீழே போட்டால் அப்பளம் மாதிரி உடையும். அது அரக்கால் ஆனது. ஆமாம், பாண்டவர்களை எரிக்கத் துரியோதனன் மாளிகை கட்டினானே, அதே அரக்கு. வளையலுக்கும் முத்திரைக்கும் பயன்படுகிற அதே அரக்குப் பூச்சியின் பிசின். கல்மாவு சேர்த்துச் சூடாக்கி அச்சில் அழுத்தினால் தட்டு.

உலகத்துக்கு அரக்கை அனுப்பியதில் பெரும்பங்கு இந்தியாவுடையது. அதிலும் சோட்டா நாக்பூர் காடுகளில் பழங்குடி மக்கள் மரக்கிளைகளிலிருந்து சுரண்டி எடுத்தது. அமெரிக்காவில் 1917இல் வந்த முதல் ஜாஸ் தட்டும், இருபதுகளில் லூயி ஆம்ஸ்ட்ராங் டிரம்பெட் ஊதிய தட்டுகளும் அரக்குத் தட்டுகள்தான். இரண்டாம் உலகப் போரில் கப்பல் வழி தடைபட்டபோது அமெரிக்க அரசு தட்டுக் கம்பெனிகளுக்கு அரக்கைக் கடுமையாகக் குறைத்தது. பழைய தட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுத் தட்டு என்கிற நிலைகூட வந்தது. 1948இல் வினைல் எல்.பி. வந்த பிறகு அரக்கின் ஆட்டம் மெல்ல முடிந்தது. இந்தியாவில் மட்டும் அது இன்னும் கொஞ்ச காலம் நீடித்தது. பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இங்கே 78 தட்டாக அச்சானதால், அந்த இந்தியத் தட்டுகளுக்கு உலகச் சந்தையில் தனி மவுசு.

ஜாஸ் தட்டைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். லேபிளில் பாடியவர் பெயர் உண்டு, வாசித்தவர் பெயர் உண்டு, கம்பெனி முகவரிகூட உண்டு. அரக்கு சுரண்டியவர் பெயர் எந்த லேபிளிலும் இல்லை.

முதலில் பாடியவர்கள் யார்?

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹானோவரில். யார் பாடியது என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று பாட்டின் முடிவில் பாடகியே தன் பெயரைச் சொல்வார். 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை வந்தது, 1928இல் டம்டம்முக்கு மாறியது.

தெற்கே வந்தபோது கம்பெனிக்காரர்களுக்கு ஒரு சிக்கல். மதிப்பான வித்வான்கள் பலர் தயங்கினார்கள். இயந்திரத்தின் முன் பாடினால் குரல் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், கண்டவர்கள் கண்ட இடத்தில் கேட்பார்களே என்ற கௌரவப் பிரச்சினை மறுபக்கம். துணிந்து முன்வந்தவர்களில் முக்கியமானவர்கள் தேவதாசி மரபில் வந்த பெண்கள். கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள் என்று அந்தப் பட்டியல் நீளும்.

தாயியின் தட்டு செய்த வேலையைக் கேளுங்கள். மாரீஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1912 வாக்கில் இந்தியா வந்தார். தாயியின் குரலில் மயங்கினார். அவர் எழுதிய 'நான்கு இந்துக் கவிதைகள்' என்ற இசைப்படைப்பில் செல்லோ வாத்தியம் தாயியின் கமகத்தைப் பின்பற்றிப் பார்க்கிறது. பாரிஸ் அரங்கத்தில் ஒலித்தது ஒரு தாசிப் பெண்ணின் குரல் அசைவு. அதே காலத்தில் தமிழ்நாட்டில் அந்த மரபே அவமானமாகப் பேசப்பட்டு, 1947இல் சட்டப்படி முடிவுக்கு வந்தது. பொட்டுக் கட்டும் வழக்கம் போனது நல்லதுதான். ஆனால் கலை மட்டும் கைமாறி, கற்றுக் கொடுத்தவர்கள் பெயர்கள் மறைந்தன. தட்டுகள் இல்லாவிட்டால் அந்தக் குரல்கள் இருந்ததற்கு அத்தாட்சியே இல்லை.

எஸ்.ஜி. கிட்டப்பாவும் அப்படித்தான். 1933இல் இறந்தபோது அவருக்கு வயது 27. தமிழ் பேசும் படம் வந்து இரண்டே வருடம் ஆகியிருந்தது. நாடக மேடையில் அவர் பாடியதைக் கேட்டவர்கள் யாரும் இன்று இல்லை. மிஞ்சியிருப்பது அந்த மூன்று நிமிடத் தட்டுகள் மட்டும்.

இருபதுகளின் முடிவிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் தென்னிந்தியாவில் தட்டு வியாபாரம் பெரும் அலையாக எழுந்தது. ஸ்டீஃபன் ஹியூஸ் என்ற ஆய்வாளர் 2002இல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஏ.வி. மெய்யப்பன் சினிமாவுக்கு முன் செய்தது இந்த வியாபாரம்தான். கூட்டாளிகளோடு சேர்ந்து 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' நடத்தி, ஜெர்மானிய 'ஓடியன்' கம்பெனிக்காகத் தமிழ்த் தட்டுகள் தயாரித்தார். ஒரு முழு நாடகத்தையே பல தட்டுகளில் பதிந்து 'நாடக செட்' என்று விற்றார்கள். தியடோர் பாஸ்கரன் தன் 1981ஆம் வருடப் புத்தகத்தில் நாடகம், பாட்டு, தட்டு, சினிமா எல்லாம் எப்படித் தேசிய இயக்கச் செய்தியைச் சுமந்து சென்றன என்று காட்டியிருக்கிறார். அந்தக் காலத் தட்டு ஒரு அலங்காரப் பொருளாக இருக்கவில்லை. போலீஸ் பயந்த பொருளாகவும் இருந்தது!

கள்ளக்குறிச்சி பக்கம் தட்டு எப்படி வந்தது?

இதெல்லாம் சென்னை, காரைக்குடி கதை. சிறுநகரங்களுக்கும் கிராமங்களுக்கும் கதை வேறு. அங்கே வீட்டில் கிராமபோன் பெட்டி வைத்திருந்தவர்கள் ஊருக்கு ஓரிரு பணக்காரர்கள். மற்ற எல்லோருக்கும் ரிக்கார்டு என்றால் மைக்செட்தான்.

'சவுண்டு சர்வீஸ்' என்று பலகை மாட்டிய கடை. ஆம்ப்ளிஃபையர், ஒரு ரிக்கார்டு பிளேயர், இரண்டு கூம்பு ஒலிபெருக்கி, சீரியல் லைட், மரப்பெட்டி நிறையத் தட்டு. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடி மாதக் கூழ் ஊற்றல், தீமிதி எதுவானாலும் சைக்கிளிலோ மாட்டு வண்டியிலோ இந்தச் சாமான் வந்து இறங்கும். கரண்ட் இல்லாத ஊரில் பேட்டரி. மைக்செட்காரர் புளிய மரத்தின் உச்சியில் ஏறிக் கூம்பைக் கட்டுவார். முதல் பாட்டு சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு. முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் நாகூர் ஹனிபா. அதே ஹனிபா அரசியல் கூட்டத்திலும் முழங்குவார். ராத்திரியானால் கதை வசனத் தட்டு. 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'திருவிளையாடல்' படங்களின் வசனத்தைப் பார்க்காமலே மனப்பாடம் செய்தவர்கள் அப்படித்தான் உருவானார்கள். டிக்கெட் எடுக்கக் காசில்லாதவர்களுக்கு அது காது வழியாக வந்த சினிமா.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. சபாவில் கச்சேரி கேட்க உள்ளே போக வேண்டும். உள்ளே யார் போகலாம் என்பதற்கு டிக்கெட் மட்டும் காரணமாக இருந்ததில்லை. டீக்கடையில் டம்ளரே தனியாக இருந்த காலம் அது. ஆனால் மரத்து உச்சியில் கட்டிய கூம்புக்கு ஊர் எல்லை, தெரு எல்லை தெரியாது. ஊருக்குள் போட்ட பாட்டு காலனிக்கும் கேட்டது. அங்கே போட்ட பாட்டு இங்கேயும் கேட்டது. அதற்காகச் சண்டையும் வந்திருக்கிறது. ஆனாலும் களை எடுத்துக்கொண்டே கேட்கலாம், கரும்பு வெட்டிக்கொண்டே கேட்கலாம். யாருடைய கூடத்திலும் போய் நிற்க வேண்டியதில்லை.

ஆகவே இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு ரிக்கார்டு நினைவு என்பது தனியாக உட்கார்ந்து, விளக்கைக் குறைத்து, உறையைத் தடவிப் பார்க்கிற நினைவு இல்லை. தெருவோடு கேட்ட நினைவு. இன்றைய சேகரிப்பு மோகம் தூக்கிப் பிடிப்பது முதல் வகையை. இரண்டாவது வகை எந்தக் காட்சிப் படத்திலும் வருவதில்லை.

ஜாஸ் எங்கே?

ஜாஸ் கள்ளக்குறிச்சிக்கு வரவே இல்லையா? வந்தது, ஆனால் பெயர் சொல்லாமல் வந்தது.

அமெரிக்க அரசு பனிப்போர்க் காலத்தில் தன் ஜாஸ் கலைஞர்களை உலகம் சுற்ற அனுப்பியது. 1958இல் டேவ் புரூபெக் குழு, 1963இல் டியூக் எலிங்டன் குழு. இரண்டுமே சென்னையில் வாசித்தன. எலிங்டன் திரும்பிப் போய் அந்தப் பயணத்தின் தாக்கத்தில் உருவாக்கிய இசை 1967இல் தட்டாக வெளிவந்தது. அதில் டெல்லிக்கும் ஆக்ராவுக்கும் பாட்டு உண்டு. இந்தக் கச்சேரிகளைக் கேட்டது நகரத்தின் சின்னக் கூட்டம்.

பெரிய கூட்டத்துக்கு ஜாஸ் போனது சினிமா வழியாக. பம்பாயில் ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்த கோவா கலைஞர்கள் ஸ்டுடியோக்களுக்குப் போய் இந்திப் படப் பாட்டின் ஓசையையே மாற்றினார்கள். நரேஷ் ஃபெர்னாண்டஸ் 2012இல் எழுதிய 'தாஜ்மஹால் ஃபாக்ஸ்ட்ராட்' இந்தக் கதையைச் சொல்கிறது. சென்னை ஸ்டுடியோக்களிலும் சாக்ஸஃபோன், டிரம்பெட், பியானோ எல்லாம் புகுந்தன. 1964இல் வந்த 'புதிய பறவை', 'காதலிக்க நேரமில்லை' படங்களின் பாட்டைக் கேட்டால் விஸ்வநாதன் ராமமூர்த்தி மேற்கத்திய நடனக்கூடத்தின் தாளத்தை எப்படித் தமிழாக்கினார்கள் என்று தெரியும். அந்தத் தட்டுகள்தான் மைக்செட்காரரின் பெட்டியில் இருந்தன. ஜாஸ் என்ற சொல்லையே அறியாதவர்கள் அதன் ஓசையைக் கூழ் குடித்துக்கொண்டே கேட்டார்கள். ஆயிரம் டாலர் தட்டை வைத்திருப்பவரை விட இவர்கள் குறைந்த ரசிகர்கள் என்று யார் சொல்வது?

பொற்காலம் யாருக்கு?

'ஐம்பது, அறுபதுகள் பொற்காலம்' என்று கண்ணை மூடிச் சொல்கிறவர்கள் கொஞ்சம் கண்ணைத் திறந்தால் கல்வராயன் மலை தெரியும். கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே பார்த்தாலே தெரிகிற மலைதான். நாடு விடுதலையானது 1947இல். அந்த மலையின் ஊர்கள் ஜாகீர்தார்கள் பிடியிலிருந்து அரசு நிர்வாகத்துக்கு வந்தது 1976இல். இருபத்தொன்பது வருட இடைவெளி! கீழே கூம்பில் சிவாஜி வசனம் முழங்கிய ராத்திரிகளில் மேலே ஜாகீர் முறை இருந்தது. பாட்டு இனிமையானதும் உண்மை, இதுவும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பதுதான் பிரச்சினை.

கருணாபுரம் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கள்ளக்குறிச்சி நகரத்துக்குள் கூலி வேலை செய்பவர்கள் அதிகம் வாழ்கிற பகுதி. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு அந்தப் பெயரைத் தேடினால் வருவதெல்லாம் அந்த ஒரு வாரத்தின் படங்கள்தான். வரிசையாகச் சடலங்கள், அழுகிற பெண்கள், வந்து போகிற தலைவர்கள். நடந்ததை மறக்கக் கூடாது, யார் பொறுப்பு என்று கேட்பதையும் நிறுத்தக் கூடாது. ஆனால் ஒரு தெருவுக்கு அந்த ஒரு வாரம் மட்டும்தான் வரலாறா? அங்கே கல்யாணம் நடந்திருக்கிறது, காதுகுத்து நடந்திருக்கிறது, விடிய விடியப் பாட்டு கேட்டிருக்கிறது. ஏழைகள் துக்கத்தில் மட்டும் பதிவாகிறார்கள். அவர்கள் சந்தோஷத்தை யாரும் பதிவு செய்வதில்லை, சேகரிப்பதும் இல்லை.

மேல்தட்டு மனிதர் ஏங்கினால் அது 'ரசனை', தொகுப்பாகிறது, கண்காட்சியாகிறது. கூலிக்காரர் ஏங்கினால் அது 'பழைய கதை', காற்றோடு போகிறது. ரிக்கார்டு மோகத்தில் உறுத்துவது இதுதான். அந்தத் தட்டுகள் எல்லோருக்குமாகச் சுழன்றவை. நினைவு மட்டும் ஏன் சிலருக்குச் சொந்தமாகிறது?

சேகரிப்பவர்கள் வேண்டாமா?

கண்டிப்பாக வேண்டும். அவர்கள் இல்லாவிட்டால் எதுவும் மிஞ்சியிருக்காது. கம்பெனிகள் தங்கள் சரக்கைத் தாங்களே காப்பாற்றியதில்லை. அமெரிக்காவில் பாரமவுண்ட் என்ற கம்பெனி, ஒரு நாற்காலித் தொழிற்சாலையின் கிளை, கறுப்பினப் பாடகர்களின் அரிய தட்டுகளை இருபதுகளில் வெளியிட்டது. கடை மூடியதும் மூல உலோக அச்சுகள் பழைய இரும்பு விலைக்குப் போயின. பிற்பாடு தட்டு தட்டாகத் தேடிக் காப்பாற்றியவர்கள் சேகரிப்பாளர்கள். ஹாரி ஸ்மித் தன் 78 தட்டுகளிலிருந்து 84 பாட்டைத் தேர்ந்தெடுத்து 1952இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டார். அதைக் கேட்டு ஒரு தலைமுறையே கிடாரைத் தூக்கியது.

இங்கேயும் வி.ஏ.கே. ரங்காராவ் சென்னையில் பல்லாயிரம் 78 தட்டுகளைச் சேர்த்து, யார் பாடியது, யார் எழுதியது என்று விவரம் தொகுத்து, தொடர்ந்து எழுதியும் வந்தார். மும்பையின் 'யங் இந்தியா' கம்பெனித் தட்டுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தில் மின்வடிவம் பெற்றன. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகத்தோடு நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று யாரும் மதிக்காத காகிதங்களையும் சேர்த்தார். 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமே உருவானது. 'இது குப்பை' என்று அவர் எதையும் ஒதுக்கியிருந்தால் பாதி வரலாறு போயிருக்கும்.

வித்தியாசம் இங்கேதான். சேர்த்ததைக் கேட்கிறவர், எழுதி வைக்கிறவர், பகிர்கிறவர் ஒரு வகை. சேர்த்ததைப் பூட்டி வைத்து விலை ஏறக் காத்திருப்பவர் வேறு வகை. முதல் வகைக்குப் பெயர் ஆவணக்காப்பாளர். இரண்டாம் வகைக்குப் பெயர் பங்குச்சந்தையில் இருக்கிறது.

'எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே?' என்று கேட்கலாம். எல்லாம் இல்லை. பிரபலமான பாட்டு நூறு முறை இருக்கிறது. நாடக செட், உள்ளூர்க் கூத்துப் பாட்டு, தேர்தல் பிரச்சாரத் தட்டு, பெயர் தெரியாத பாடகிகள், இவையெல்லாம் அரைகுறைதான். இருப்பதிலும் யார் பாடியது, எந்த வருடம், எந்தக் கம்பெனி என்ற விவரம் இருக்காது. தட்டின் லேபிளில் அது இருக்கிறது. நடுவில் மெழுகுத் திரி மாதிரி மின்னுகிற பகுதியில் பொறித்த எண் இருக்கிறது. அந்த எண்ணை வைத்தே பதிவான காலத்தைக் கணிக்கலாம்.

சட்டமும் இதற்குப் பெரிய தடை இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். 1960க்கு முன் வந்த ஒலிப்பதிவுகளுக்கு அந்தக் கெடு முடிந்துவிட்டது. பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் தனி உரிமை உண்டு, அது அவர் மறைவுக்குப் பின் 60 வருடம். அதைச் சரிபார்த்துக்கொண்டால் பழைய தட்டுகளில் பெரும் பகுதியைப் பொதுவில் வைக்க முடியும்.

மரப்பெட்டி எங்கே போகிறது?

மைக்செட் கடைகள் டி.ஜே. செட்டுக்கு மாறிவிட்டன. முதலில் கேசட் வந்து தட்டை விரட்டியது, பிறகு சிடி, பிறகு பென் டிரைவ், இப்போது போன். அந்தத் தட்டுப் பெட்டிகள் பரணில், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில், ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழே கிடக்கின்றன. அடுக்கி வைத்த தட்டு வெயிலில் வளையும், ஈரத்தில் பூசணம் பிடிக்கும். வீடு இடிக்கும்போது காயலான் கடைக்குப் போகும். ஊசி தேய்த்துத் தேய்த்துக் கரகரக்கிற தட்டுக்குச் சந்தையில் விலை கிடையாது. 'நியர் மின்ட்' கேட்கிற சேகரிப்பாளர் அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். எந்தத் தட்டு அதிகம் தேய்ந்திருக்கிறதோ அதைத்தான் ஊர் அதிகம் கேட்டிருக்கிறது. அந்தக் கீறல் ஒரு கணக்குப் புத்தகம். எந்தப் பாட்டை ஜனங்கள் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள் என்பது அதில் எழுதியிருக்கிறது. சில தட்டு உறைகளில் மைக்செட்காரரின் கையெழுத்தும், கடையின் ரப்பர் ஸ்டாம்பும், தேதியும்கூட இருக்கும். ஒரு சிறுநகரத்தின் ரசனைக்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு கல்லூரியின் என்.எஸ்.எஸ். முகாம் போதும். லேபிளைப் போனில் படம் எடுத்து, ஒரு பட்டியல் போட்டு, அதை வைத்திருந்தவர் வாயால் இரண்டு கதை கேட்டுப் பதிந்தால் பாதி வேலை முடிந்தது. கூம்பு கட்ட மரம் ஏறியவர்களுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். எந்தத் தெருவில் எந்தப் பாட்டு போடச் சொல்வார்கள், எந்தப் பாட்டுக்குச் சண்டை வரும், எந்த வீட்டுக் கல்யாணத்தில் காசு வாங்காமல் செட் கட்டினார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அது எந்த லேபிளிலும் இல்லை.

ஊரில் ஏதாவது பழைய சவுண்டு சர்வீஸ் கடையைக் காலி செய்தால், காயலான் கடை வண்டி வருவதற்கு முன்னால் பரணில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். தட்டு கீறியிருந்தாலும் பரவாயில்லை. பெட்டிக்குச் சொந்தக்காரரை உட்கார வைத்து முதலில் பேச விடுங்கள்.